சத்தம் போடாத வீடு

அந்த வீட்டுக் குக்கர் விசிலடித்து யாரும் கேட்டதில்லை. வெயிட் லேசாக ஆடத் தொடங்கியதுமே அவள் தீயைத் தணித்துவிடுவாள். எவ்வளவு வேலை குவிந்து கிடந்தாலும் குக்கர் அடுப்பில் இருக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். அன்று காலையும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். கல்லூரிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்த நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குக்கருக்குக் காவல் இருக்கிற பொம்பளைய இங்கதான் பார்க்கிறேன்... இதுக்குப் பானையிலயே வடிச்சிடலாம்ல?"

அவள் தீயை இன்னும் கொஞ்சம் தணித்தாள். நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். ஓய்வு பெற்ற மறுநாளே தம்பி வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து வீடே பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. தம்பிக்கு அக்கா சொல்தான் வேதம். பெண்கள் இருவருக்கும் வார்த்தை தடிக்கிறது என்று தெரிந்தால் மனுஷனுக்கு உடனே முகச்சவரம் ஞாபகம் வந்துவிடும். அன்றைக்கும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

கல்லூரிக்குப் போவது மகள் விஷயமாக. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் போன பருவத் தேர்வில், விடை தெரிந்த கேள்விகளைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பெரிய கூடம், தலைக்குமேல் கடகடக்கும் மின்விசிறிகள், விட்டுவிட்டு எரியும் ட்யூப்லைட், பின்னால் யாரோ பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தது, எல்லாமாகச் சேர்ந்து அவளைத் துரத்திவிட்டன. சைக்கிள் நிறுத்துமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை ஓர் ஆசிரியைதான் மாணவர் உதவி மையத்துக்குக் கூட்டிப்போனார். தனி அறையும் கொஞ்சம் கூடுதல் நேரமும் கொடுத்தால் இந்த முறை எழுதிவிடுவாள். இந்த முறையும் போய்விட்டால் கல்லூரியில் இடம் கிடையாது. முடிவு செய்வதற்குமுன் வீட்டில் அவளோடு இருப்பவர்கள் வந்து பேசட்டும் என்று மையத்தின் ஆலோசகர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூட விஷயம் என்றால் தான் இல்லாமல் எப்படி என்று நாத்தனாரும் புடவை மாற்றிக்கொண்டார். மகளோடு மூன்று பேருமாகப் போனார்கள்.

ஆலோசகர் சின்ன வயதுக்காரர். நாற்காலியைப் பின்னால் தள்ளாமல் தூக்கி நகர்த்தி உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே அவளுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டில் பெண் எப்படி இருக்கிறாள், சத்தத்துக்கோ வெளிச்சத்துக்கோ கஷ்டப்படுகிறாளா என்று கேட்டார்.

நாத்தனார் முந்திக்கொண்டார். வீட்டில் ஒரு குறையும் கிடையாது, சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், மணிக்கணக்கில் படிக்கிறாள், இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் காதைப் பொத்தி யாரும் பார்த்ததில்லை, எல்லாம் தாய் கொடுக்கிற செல்லம், தேர்வு பயம் என்று அடித்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்.

ஆலோசகர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க."

சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் வீட்டுச் சங்கதியை வெளியாளிடம் விரித்து அவளுக்குப் பழக்கமில்லை. பெரியவர் பேசியதை அவர் முன்னாலேயே மறுத்தும் பழக்கமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மகளைப் பற்றி ஒரு குறை அவள் நாக்கில் வராது.

"வீட்ல... நல்லாத்தான் இருக்கா."

வீட்டில் ஒன்றுமே இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், அதற்குள் தேர்வு வந்துவிட்டால் எல்லோரோடும் கூடத்தில்தான் எழுத வேண்டியிருக்கும் என்று ஆலோசகர் வருத்தத்தோடு சொன்னார். வெளியே வந்ததும் நாத்தனார் பேருந்து எண்ணைப் பார்க்க முன்னால் போனார். மகள் நின்றுவிட்டாள்.

"வாழ்க்கையில முதல் தடவையா வாயத் தொறந்து ஒருத்தர்கிட்ட சொன்னேன்மா... நீயே என்னைப் பொய்க்காரி ஆக்கிட்ட."

அதன்பிறகு மகள் அவளோடு பேசவில்லை. நாத்தனாரோ, பெண்ணைக் கெடுத்து வைத்திருக்கிறாய் என்று பேச்சை நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் இடி. மத்தளத்துக்காவது ஓய்வு உண்டு, அவளுக்கு அதுவும் இல்லை.

அந்த வாரமே மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது கால் வழுக்கிக் கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுப்போனது. மாவுக்கட்டுப் போட்டு, காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று கட்டிலில் கிடத்திவிட்டார்கள். வீட்டு நிர்வாகம் நாத்தனார் கைக்குப் போனது. வீட்டை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறேன் என்று அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார்.

கட்டிலில் படுத்தபடி அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாற்காலிக் கால்களுக்கு அவள் தைத்துப் போட்டிருந்த துணி உறைகள் அழுக்கு என்று கழற்றப்பட்டன. நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. அழைப்பு மணி வேலை செய்யாதது ஏன் என்று எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, அவள் கழற்றிவிட்டிருந்த வயரை மாட்டிவிட்டுப் போனார். மகள் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் ஓடவிடும் வாஷிங் மெஷின் மகளின் அறைக்கு வெளியே குலுங்கிக்கொண்டு ஓடியது. எதற்கும் அவளால் தடை சொல்ல முடியவில்லை. சொன்னால், இதற்கும் செல்லமா என்று கேட்பார். அதைவிட, மகளே பேசாதபோது யாருக்காகச் சொல்வது என்று ஒரு வீம்பும் இருந்தது. அந்த வீம்பை நினைத்துப் பின்னால் அவள் நிறைய அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் உறவுக்காரர்கள் அவள் காலைப் பார்க்க வந்தார்கள். மணி அடித்தது, மறுபடி அடித்தது. கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன. டிவி ஓடியது. மிக்ஸி ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலே குக்கர் வாய்விட்டு அலறியது. அப்போது குளியலறைப் பக்கம் திம் திம் என்று ஒரு சத்தம் கேட்டது. மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகள் மழலையாக இருந்தபோது கேட்டது, அதன்பின் இந்த வீட்டில் கேட்காதது. சுவரில் தலை மோதும் சத்தம்.

கட்டிலைப் பிடித்து இறங்கி, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, தவழ்ந்தே போனாள். குளியலறை வாசலில் நாத்தனார், "என்ன நாடகம் இது, எழுந்திரு" என்று வகுப்பறைக் குரலில் அதட்டிக்கொண்டிருந்தார். அதட்ட அதட்ட, மூலையில் சுருண்டு கிடந்த பெண் இன்னும் வேகமாக மோதிக்கொண்டாள்.

"அண்ணி, பேசாதீங்க."

அந்தக் குரலை நாத்தனார் அதுவரை கேட்டதில்லை. பேச்சை நிறுத்திவிட்டார்.

"டிவியை அணைங்க. அடுப்பை அணைங்க. வந்தவங்களை வெளிய கூட்டிட்டுப் போங்க. மணி வயரை உருவிடுங்க. இந்த லைட்டையும் அணைச்சிட்டுக் கதவை மெதுவா சாத்துங்க."

அந்தம்மாள் ஒவ்வொன்றாகப் போய் அணைத்தார். அணைக்க அணைக்க வீடு பழைய வீடாக ஆனது. கடைசியில் கூடத்தின் நடுவில் தனியாக நின்றார். தான் இத்தனை காலம் குடியிருந்த அமைதி தானாக வந்ததில்லை என்று அவருக்குப் புரிந்த இடம் அதுதான். உள்ளே, இருட்டில், தாய் ஒரு வார்த்தையும் பேசாமல் மகளின் தோள்கள் இரண்டையும் பலமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மோதல் நின்று, அழுகை வந்து, அழுகையும் நிற்க வெகு நேரமானது.

மறுநாள் நாத்தனாரே ஆட்டோ பிடித்து வந்தார். ஊன்றுகோலோடு அவளை ஏற்றி, மகளையும் கூட்டிக்கொண்டு அதே ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, போன தடவை நான் சொன்னது தப்பு. வீட்ல எப்படி இருக்கான்னு கேட்டீங்க. இவ கை படாத வீட்ல பொண்ணு எப்படி இருப்பான்னு நீங்க கேட்டிருக்கணும்... எனக்கு அப்ப பதிலும் தெரிஞ்சிருக்காது." பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. நான் குறுக்க பேச மாட்டேன்" என்றார்.

அவள் சொன்னாள். முதலில் திக்கித் திக்கி, பிறகு தடையில்லாமல். மணி அடிக்காததால் ஜன்னலோரம் நின்று ஆள் வருவதைப் பார்ப்பது, துணிகளின் லேபிளை எல்லாம் பிரித்துவிடுவது, விருந்தாளிகளைத் தெருமுனையிலேயே பேசி அனுப்பிவிடுவது எல்லாவற்றையும் சொன்னாள். தையல் மெஷினைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைத்தவள். ரவிக்கைக்கு அவளிடம் காத்துக் கிடந்து தைத்துக்கொண்டு போவார்கள். கைக்குழந்தை அந்தச் சத்தத்துக்கு வீறிட்டு நீலம் பாரித்ததும், கண் வலிக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி மெஷினைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சோம்பேறி என்ற பேர் வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா..." என்றாள் மெல்ல. "நம்ம வீடு அமைதியான வீடுன்னு நினைச்சிட்டிருந்தேன். காலேஜுக்கு வந்ததும் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்குதுன்னு பயந்துட்டேன்."

அந்தச் சொல் தாய்க்கு எங்கேயோ போய்த் தைத்தது. மறைத்து மறைத்துக் காத்ததில், இந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றியே தெரியாமல் போய்விட்டது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு பயத்தையும் சேர்த்து வளர்த்திருக்கிறாள்.

"உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்டி... இனிமே நான் ஒளிச்சு ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றாள்.

மகளுக்கு லேசாகத் தொட்டாலே உடம்பு கூசும், அழுத்திப் பிடித்தால்தான் தாங்கும். அவள் எழுந்து வந்து, தாயின் கையைத் தன் இரண்டு கைகளாலும் வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டாள். தாய்க்கு உண்மையிலேயே வலித்தது, கையை எடுக்கவில்லை. நாத்தனார் கண்ணைத் துடைத்தார். மூக்கை மட்டும் சத்தம் வராமல் சிந்திக்கொண்டார்.

தேர்வுக்குத் தனி அறை ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்று ஆலோசகர் தாயைப் பார்த்துச் சொன்னார். வேறு என்னென்ன வேண்டும் என்று தாயிடமே கேட்டார். அவளுக்கு எல்லாம் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அவகிட்டயே கேளுங்க சார்."

மகள் தாயின் கையை விட்டாள். ஆலோசகருக்கு எதிரே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அந்த ரூமை இப்பவே பார்க்கலாமா சார்? ஃபேனைப் போட்டுக் கேட்டுட்டு, எனக்கு என்ன வேணும்னு நானே சொல்றேன்."