வழக்கம்போல இரண்டு மாத்திரை

பிணவறை மேஜை மேல், வெள்ளைத் துணிக்கு அடியில், மாமனார்.

பக்கத்து அறை பெஞ்சில் மருமகள்.

"ரத்தத்துல ஆஸ்துமா மருந்து மூணு மடங்கு இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "மாத்திரை கொடுத்தது நீங்க. வீட்டை உங்க பேர்ல உயில் எழுதி வெச்சது அவர். வேற என்னம்மா வேணும்?"

"ரெண்டுதான் சார் கொடுத்தேன். வழக்கம்போல."

சொன்னாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. மாமனாருக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து, ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. மறதியில் மறுபடியும் கொடுத்துவிட்டேனோ... 'இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று ஒருமுறை நினைத்ததுண்டு. மனசு நினைத்ததைக் கை செய்துவிட்டதோ?

கணவன் மூக்கை உறிஞ்சினான். "எங்கப்பாவை இவ கொன்னுட்டா சார். அறுத்துப் பாக்கச் சொன்னதே நான்தான்."

"நல்லதாப் போச்சு."

கையுறையைக் கழற்றியபடி வந்தார் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரம்மா.

"ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தா இவங்க ஜெயிலுக்குப் போயிருப்பாங்க. நான் கல்லீரலையும் பார்த்தேன்."

"அதுல என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நுரையீரல் முழுக்கச் சீழ். அழற்சி கல்லீரல் வரைக்கும் வந்திருக்கு. அப்ப கல்லீரல் செல்லுக்கு ஒரு சிக்னல் போகும்... மருந்தை உடைக்கிற வேலையை விடு, கிருமியோட சண்டைக்கு வான்னு. வீடு பத்தி எரியறப்ப யாராவது பாத்திரம் கழுவுவாங்களா? மருந்து வெளியேறாம சேர்ந்துகிட்டே போகும். வழக்கமான மாத்திரையே விஷமாயிடும்."

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

அப்படியானால்... நானில்லை.

"காய்ச்சல் வந்ததும் உங்க டாக்டர்கிட்ட கேட்டீங்களாம்மா?"

"இவர்தான் போன் பண்ணார்," அவள் கணவனைக் காட்டினாள். "வழக்கம்போலவே கொடுக்கச் சொன்னாராம்."

டாக்டரம்மா அந்த மருத்துவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"என்னது?" என்றது போன். "பாதியாக் குறைக்கணும், இல்லேன்னா உயிருக்கே ஆபத்துன்னு மகன்கிட்ட சொன்னேனே. திருப்பிச் சொல்லுங்கன்னு கேட்டேன். சரியாத்தான் சொன்னார்."



இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் மெல்லத் திரும்பினார். "கொன்னவங்களுக்குச் சொத்து போகாது. இவங்க உள்ள போயிட்டா, வீடு யாருக்கு சார்?"

கணவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார்... அந்த மாத்திரையை நான் கையாலகூடத் தொடலை சார்!"

அவள் நிமிர்ந்தாள். பல நாள் கழித்து அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உண்மைதான் சார்," என்றாள். "வீட்டுல எந்த வேலையைத்தான் இவர் தொட்டிருக்கார்?"