ஒரு நிறை, ஒரு குறை

ஞாயிறு காலை அவள் அந்தப் பழைய படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது காத்திருப்புக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அது அவளுக்குத் தொந்தரவே இல்லை. கூட்டத்தைக் காணாமல் அடிப்பதுதான் அவளுடைய பொழுதுபோக்கு.

அதற்கு மந்திரம் ஒன்றும் வேண்டாம். முக்காலியில் கேமராவை நிறுத்தி, லென்ஸுக்கு முன்னால் கன்னங்கரேலென்று ஒரு ஃபில்டரை மாட்டி, ஷட்டரை ஆறேழு நிமிடம் திறந்தே வைக்க வேண்டும். நடக்கிறவர்கள், திரும்புகிறவர்கள், கை ஆட்டுகிறவர்கள் யாரும் படத்தில் விழ மாட்டார்கள். அசையாத பொருள் மட்டும் விழும். சந்தை, மேம்பாலம், பேருந்து நிலையம் என்று எல்லாவற்றையும் இப்படித் துடைத்து எடுத்துவிட்டு, இணையத்தில் ஒரு சின்னக் குழுவில் போடுவாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு படம். கருத்துச் சொல்கிறவர் ஒரு நிறையும் ஒரு குறையும் கட்டாயம் சொல்ல வேண்டும். 'சூப்பர்' என்று போட்டுவிட்டு நழுவ முடியாது. சொந்தப் பெயரும் கிடையாது, பட்டப்பெயர்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை என்பதால் இவள் பெயர் 'ஊசி'.

ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இருபது வருடமாக அப்படித்தான். வீட்டில் முகம் பார்த்துப் பேச அம்மா இருந்தாள், அவளும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இவளுக்கு அதில் ஆறாத குறை ஒன்று உண்டு. அம்மாவை எத்தனையோ படம் எடுத்திருக்கிறாள். எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றதால், இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

படகுத்துறைப் படத்தை மத்தியானம் ஏற்றினாள். வழக்கமாக இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அன்று கருத்துகள் மளமளவென்று வந்தன.

'நிறை: அந்த வெறுமை. குறை: பெஞ்சில் இருக்கும் வயதான பெண்மணியைச் சற்று நடுவில் வைத்திருக்கலாம்.'

'நிறை: அந்தப் பாட்டியின் முகம். குறை: ஒன்றும் தோன்றவில்லை.'

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெஞ்ச் இருந்தது. பெஞ்சில் யாரும் இல்லை.

சேர்ந்துகொண்டு கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கோபம்கூட வந்தது. ஆனால் மனம் கேட்கவில்லை. மறுநாள் வேலையிடத்தில் டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம் போனை நீட்டினாள்.

"இதுல என்ன தெரியுது, சொல்லேன்."

"படகுத்துறையா? நல்லா இருக்குக்கா. யாரு இது, உங்கம்மாவா?"

அவள் போனை இன்னும் கிட்டே நீட்டினாள்.

"கண்ணாடி போட்டிருக்காங்களா?"

"ம்... ஆமா, போட்டிருக்காங்க போல."

"கொண்டை? கொஞ்சம் இடது பக்கமா சாஞ்சாப்பல?"

"ஆமாக்கா, அப்படித்தான் இருக்கு. அடுத்த டோக்கன் கூப்பிடவா?"

அவளுடைய வேலையில் முதல் பாடமே ஒன்று உண்டு. வந்தவரிடம் 'நீங்கள்தானே இன்னார்?' என்று கேட்கக் கூடாது. அரைத் தூக்கத்தில், பயத்தில், மரியாதைக்காக, எதற்கு வேண்டுமானாலும் ஆமாம் என்பார்கள். அப்புறம் ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடும். 'உங்கள் பெயர் என்ன?' என்றுதான் கேட்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான். அன்றைக்கு அது அவள் நினைப்பிலேயே இல்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

அடுத்த ஞாயிறு தன் வீட்டுத் தெருமுனையை எடுத்தாள். அதே பாட்டி விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறார் என்றார்கள். அதற்கடுத்த வாரம் அவள் குடியிருக்கிற கட்டடத்தின் மாடிப்படி. மூன்றாவது படியில் உட்கார்ந்து மேலே பார்க்கிறார் என்றார்கள். அவள் கண்ணுக்கு வெறும் படிதான். இருந்தாலும் அம்மா வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நாளெல்லாம் கால் தரையில் பாவாமல் திரிந்தாள்.

குழுவில் 'முக்காலி' என்று ஒருவர். பல் மருத்துவர், அளந்து பேசுகிறவர். மாடிப்படிப் படத்துக்கு அவர் மட்டும் கருத்துப் போடவில்லை. பிறகு போனில் கூப்பிட்டார்.

"ஊசி, தப்பா நெனைக்கக் கூடாது. அவங்களை எப்படி உட்கார வெச்சீங்க?"

"ஏன் கேக்கறீங்க?"

"ஆறேழு நிமிஷம்னு சொல்றீங்க. மூச்சு விட்டாலே தோள் கலங்கிடும். கண் சிமிட்டினா கண்ணே விழாது. இவங்களுக்கு இமை மயிர்கூட தனித்தனியா விழுந்திருக்கு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அங்க ஆள் இருந்தாங்களா, இல்லையா?"

"எங்கம்மாங்க அது."

"உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியல."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?" அவர் குரல் இறங்கிவிட்டது. "வேண்டாம்மா. கொஞ்ச நாளைக்கு இந்த மாதிரி எடுக்காதீங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். சொந்த பந்தம் இல்லாதவளுக்கு வந்த ஒரே சொந்தத்தையும் கெடுக்கப் பார்க்கிறாரே என்று ஆத்திரமாக இருந்தது.

அந்த ஞாயிறு அவள் எங்கேயும் போகவில்லை. கூடத்தில் இருவர் உட்காருகிற சோபாவுக்கு எதிரே முக்காலியை வைத்தாள். ஜன்னலில் பதினொரு மணி வெயில். அம்மா உட்காருகிற பக்கத்து மெத்தையைத் தட்டிச் சரிசெய்தாள். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஷட்டரைத் திறந்துவிட்டு, ஓடிப்போய்த் தன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு படம். இரண்டு பேரும் சேர்ந்து. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அசையாமல் இருப்பது லேசில்லை. மூக்கு அரித்தது. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி முனகிக்கொண்டே இருந்தது.

பிறகு அது நின்றது.

மேல் வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தமும் நின்றது. தெருவும் நின்றது. அவள் மூச்சு மட்டும் தனியாகக் கேட்டது.

இடது பக்கம் சில்லென்று இருந்தது. அம்மா என்றால் தைல வாசனை வரும். கடைசி வருடங்களில் அவளே அந்த வாசனையாகத்தான் இருந்தாள்.

வந்தது தைல வாசனை இல்லை.

நனைந்து ஊறிய பலகையின் வாசனை. பாசி பிடித்த தண்ணீரின் வாசனை.

ஜன்னல் திறந்திருக்கும், எங்கிருந்தாவது வருகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் படம் கலங்கிவிடும்.

ஷட்டர் மூடுகிற சத்தம் கேட்டதும் குளிர்சாதனப் பெட்டி மறுபடி முனகத் தொடங்கியது. கேமராவின் சின்னத் திரையை அவள் பார்க்கக்கூட இல்லை. எப்படியும் தன் கண்ணுக்குத் தெரியப்போவதில்லையே. படத்தைப் போனுக்கு மாற்றி, அதே கையோடு குழுவில் ஏற்றிவிட்டு, சோபாவில் வந்து உட்கார்ந்தாள்.

'நிறை: அம்மாவும் மகளும் ஒரே படத்தில். குறை: மகள் மூச்சு விட்டுவிட்டார்!'

'நிறை: கண் கலங்கிவிட்டது. குறை: எங்கள் ஊசி இத்தனை நாள் ஏன் தன்னைக் காட்டவில்லை?'

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படத்தைத் திறந்தாள்.

இந்த முறை அவள் கண்ணுக்கும் தெரிந்தது.

படத்தின் இடது பக்கம் அவள். முகம் பாலாடைபோலக் கலங்கியிருந்தது. வலது பக்கம் ஒரு கிழவி, கத்தியால் கீறினதுபோலத் துல்லியமாக.

கண்ணாடி இல்லை.

கொண்டை இல்லை. ஈர முடி கன்னத்தில் ஒட்டிக் கிடந்தது.

அம்மா இல்லை.

ஜென்மத்தில் ஒருமுறைகூடப் பார்த்திராத முகம். அது கேமராவைப் பார்க்கவில்லை. உடம்பை முழுக்கத் திருப்பி, இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு ஆசையாக இவளை யாரும் பார்த்ததில்லை. அம்மாகூட இல்லை.

போன் அதிர்ந்தது. முக்காலி எழுதியிருந்தார்.

'ஊசி, நிஜமாவே அது உங்கம்மாவா?'

'இல்ல' என்று அடித்தாள். அனுப்பவில்லை. அனுப்பிவிட்டால் எழுந்து ஓட வேண்டும். ஓடலாம், வாசல் பக்கத்தில்தான் இருந்தது. ஓடி யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. நீட்டிய கைகள்தான் வந்தன.

அடித்ததை அழித்தாள்.

'ஆமா. எங்கம்மாதான்.'

அனுப்பிவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலில் வெயில் அப்படியே இருந்தது. ஊறிய பலகையின் வாசனை மெல்ல ஏறியது.

இடது பக்கத்து மெத்தை அமுங்கியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார இடம் போதாதோ என்று தன் பக்க ஓரமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.