எரியாத மஞ்சள் விளக்குகள்

காலை மணி அடித்ததும் கடைசி வரிசையில் என் இடத்தில் அமர்ந்தேன். கல்லூரி வகுப்புகளில் ஊரார் யாரும் உட்கார்ந்து கேட்கலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து என் மகள் எஸ்தரின் ஆங்கில வகுப்பை நான் தவறவிட்டதில்லை. என் தகப்பனார் ஞானசிகாமணி பாடம் நடத்திய அறை அது. நானும் அங்கேயே நடத்தி ஓய்வு பெற்றேன்.

இப்போது ஆண்டுத் தேர்வு கிடையாது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு புரிவிளக்கு இருக்கிறது. புரியாதவர் தொட்டால் மஞ்சளாக எரியும். கரும்பலகை இருந்த இடத்தில் வந்திருக்கும் மின்திரையான பாடச்சுவர் அதைப் பார்த்து மறுநாள் பாடத்தைத் திருத்தி அமைக்கும். பக்கத்து வகுப்புகளில் மஞ்சள் எரியாத நாளில்லை. எங்கள் வகுப்பில் ஒன்றுகூட எரிந்ததில்லை. வாசலில் பிள்ளைகளிடம் அதைச் சொல்வது என் வழக்கம்.

"ஞானசிகாமணி வீட்டு வகுப்புல மஞ்சள் எரிஞ்சதில்ல, தெரியும்லா?"

அன்றும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன்.

பாடம் தொடங்குமுன் சுவர் ஓர் அறிவிப்பைக் காட்டியது. இவ்வகுப்புக்கு எல்லாம் புரிந்துவிட்டதாம். ஆங்கிலப் பாடம் இன்றோடு நிறைவு. மறுப்பவர் உடனே விளக்கைத் தொடலாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எஸ்தரின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. செவிலியர் வேலைக்கு வெளிநாடு போகவிருக்கும் செல்வக்கனியை எழுப்பி, வலி எங்கே என்று ஒரு நோயாளியிடம் ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னாள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள்; சொல் வரவில்லை. அடுத்திருந்த பையனும் தரையைப் பார்த்தான்.

"புரியலன்னா விளக்கத் தொட வேண்டியதுதானம்மா. தெரிஞ்சாத்தான நான் மறுபடி நடத்த முடியும்?"

செல்வக்கனி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தாத்தா பின்னாடி இருக்காங்கல்லா மிஸ். எங்களால உங்க வீட்டுப் பேரு கெடணுமா?"

அன்பாகத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுவர் காத்திருந்தது. எந்தக் கையும் விளக்கருகே போகவில்லை. எல்லாக் கண்களும் என் மேல் இருந்தன.

"அப்பா," என்றாள் எஸ்தர், குரலை உயர்த்தாமல். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அந்த அறையிலிருந்து எங்கள் வீட்டாரை யாரும் வெளியே போகச் சொன்னதில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் நடந்தேன்.

கதவைச் சாத்தினேன். சற்றைக்கெல்லாம் அதன் கண்ணாடி வழியே மஞ்சள் வெளிச்சம் வராந்தா முழுவதும் பரவியது. என் வெள்ளை வேட்டியிலும் விழுந்தது.