நானாத்தான் வந்தேன்

ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் அவள் குழம்பை மெச்சினார். இன்னொருவர் அவள் ஊரைப் பற்றிக் கேட்டார், போன வாரம் கேட்ட அதே கேள்வியை. மூன்றாமவருக்கு என்ன பேசுவதென்று காதில் செருகியிருந்த குமிழ் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது, சும்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒட்டுமானி என்ற கருவியின் ஏற்பாடு. அந்தச் சுகாதார ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் சட்டைக்குள் ஒரு மெல்லிய பட்டை அணிந்திருந்தார்கள். யாருக்குத் தனிமை ஏறுகிறது என்பதை நாடியிலும் மூச்சிலும் அது கண்டுபிடிக்கும். உடனே பக்கத்தில் இருப்பவர்களின் காதுக்குமிழ், போய்ப் பேசு என்று கிசுகிசுக்கும். யாரை அனுப்பியது என்பது மட்டும் ரகசியம். குறை சொல்லவும் முடியாது. முன்பெல்லாம் மலையிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் வந்த ஆய்வாளர்கள் ஒரு வருஷம் தாங்காமல் ஓடிப்போவார்கள். அந்த ஊர் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியும் அவர்களோடு போய்விடும். இப்போது யாரும் போவதில்லை.

தூத்துக்குடி உப்பளக் குடும்பத்துப் பெண்ணான ஜெசிந்தாவும் போகவில்லை. ஆனால் ஏங்கினாள். யாராவது, ஒரே ஒருத்தராவது, யாரும் சொல்லாமல் தானாக வந்து பேசமாட்டார்களா என்று ஏங்கினாள்.

ஒரு மத்தியானம் புள்ளியியல் பிரிவு நெய்னா முகம்மது சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் அறைக்குள் வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவர் காதில் குமிழும் இல்லை.

"உப்பளத்துல எல்லாருக்கும் சிறுநீரகம் நல்லாத்தான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. யாரை எண்ணுனீங்க?"

"வேலைக்கு வந்தவங்களை, சார்."

"உடம்பு முடியாம நின்னுபோனவங்க?"

"ஊரை விட்டே போயிருப்பாங்க. எங்க போய்த் தேட?"

"தேடலைன்னா இது ஆராய்ச்சி இல்ல. குப்பை."

அவளுடைய வேலையை அங்கே இதுவரை யாரும் குப்பை என்றதில்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

"என்ன சார் பேசுதீங்க? ஒரு நாள் உப்புல நின்னு பாத்திருக்கீங்களா?"

ஊர்ப்பேச்சு தானாக வந்து விழுந்தது. அவரும் விடவில்லை. டீ ஆறிப்போகும்வரை மல்லுக்கட்டினார்கள். அவர் போனபின் ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

மறுநாள் பக்கத்து அறை வசுமதி சொன்னாள்: "தெரியுமா, ஒட்டுமானியை மாத்திட்டாங்களாம். சில பேருக்குச் சண்டை போட்டாத்தான் மனசு ஒட்டுமாம். அதுக்கும் ஆள் அனுப்புதாம்."

நெய்னாவையும் அதுதான் அனுப்பியிருக்குமோ என்று ஜெசிந்தா நினைத்தாள். அவர் காது வெறுமையாக இருந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தன் குமிழையும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஆய்வுக் கோப்பை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு நடந்தாள். நெய்னா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கூட்டமெல்லாம் மாடியில் நடக்கும், லிஃப்ட் கிடையாது. கீழே தனியாகவே உட்கார்ந்து வருஷங்களை ஓட்டியவர். ஒட்டுமானி வேண்டும் என்று முதலில் கேட்டவரே அவர்தான்.

அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது.

"ஒட்டுமானி அனுப்புச்சா?"

"இல்ல சார். பாருங்க, கழட்டிட்டு வந்திருக்கேன்."

"கழட்டிட்டுப் போகச் சொல்றதும் உண்டும்மா. எனக்கே முன்னாடி சொல்லியிருக்கு."

"அப்ப நேத்து நீங்க வந்தது?"

"நேத்து நானாத்தான் வந்தேன்."

"நானும் இப்ப நானாத்தான் வந்தேன், சார்."

பொய் சொல்லாதே என்று அவர் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சண்டைக்கு நின்றிருப்பாள். அவர் கத்தவில்லை. அந்த வளாகத்தில் ஒட்டுமானி அனுப்பி வருகிறவர்கள் பேசும் அதே இதமான குரலில், "நம்புறேன்மா" என்றார்.

"நானும் நம்புதேன், சார்" என்றாள் ஜெசிந்தா, அதே இதத்தோடு.

உப்பளத்தில் நின்றுபோனவர்களை இருவருமாகத் தேடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்காமலே திரும்பினாள்.