பக்கத்து அறைக்கு ஒரு பதில்

முதல் அமர்வில் இருந்தவர்கள் மூன்று பேர். மேசைக்கு முன்னால், கைப்பிடி இல்லாத மர நாற்காலியில் அவள். மேசைமேல் மடிக்கணினித் திரையில், வேறு ஏதோ ஊரில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்தபடி, மூக்குக் கண்ணாடியும் தோளில் சால்வையுமாக ஆலோசகர். மூடிய கதவுக்கு வெளியே, கூடத்து சோபாவில், இணையம் நின்றுபோனால் சரிசெய்ய வந்ததாகச் சொல்லிக்கொண்டு தம்பி. மணி நான்கு. நல்ல வெயில். ஜன்னல் கம்பிகளின் நிழல் இடப்பக்கச் சுவரில் ஏணிபோல் சாய்ந்திருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் அப்பாவின் அறை. அவர் இறந்துபோன பிறகு பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

இத்தனையையும் அவள் அன்றே நோட்டில் எழுதி வைத்தாள். ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருடமாகப் பதில் கடிதம் எழுதுகிறவள். யார், எங்கே, எப்போது என்று எழுதாதவரை அவளுக்கு எதுவும் நடந்ததாகாது.

தொல்லை தோள்களில். ஆணியில் மாட்டிய சட்டைபோல இரண்டும் காதுவரை ஏறி நின்றன. இறங்கவே மாட்டேன் என்றன. படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், எலும்பில் ஒரு கோளாறும் இல்லை, உடம்பு வழியாக மனதைப் பார்க்கிற சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி ஆலோசகரின் எண்ணைக் கொடுத்தார்.

தம்பிக்கு இதில் நம்பிக்கை இல்லை. "கம்ப்யூட்டருக்குள்ள இருந்து கையை நீட்டித் தோளைப் பிடிச்சு விடுவாங்களாக்கா? பேசாம எங்க வீட்டோட வந்துடு. தனியா இங்க எதுக்கு?"

"நாலு வாரம் பாக்குறேன்டா. அப்பவும் இப்படியே இருந்தா வரேன்."

வாயால்தான் சொன்னாள். யாரும் கூப்பிடாத வீட்டில், தன் நாற்காலியில், தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த முதல் அமர்வில், பாதங்கள் தரையில் பதிந்திருப்பதைக் கவனிக்கச் சொன்னார் ஆலோசகர். மூச்சு எதுவரை போகிறது என்று பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"பக்கத்து ரூம்ல இருக்கறவங்களைக் கொஞ்ச நேரம் தட்டாம இருக்கச் சொல்ல முடியுமா?"

"யாரு தட்டுறாங்க மேடம்?"

"சுவத்துல. ரெண்டு ரெண்டா. அது கேக்கும்போதெல்லாம் உங்க தோள் மேல ஏறுது."

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. திரையின் மூலையில் தெரிந்த தன் சின்ன உருவத்தைப் பார்த்தாள். தோள்கள் எழும்பின. தாழ்ந்தன. சற்றுப் பொறுத்து, யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் மறுபடி எழும்பின.

அப்பா நான்கு வருடம் படுக்கையில் கிடந்தார். அவள் அலுவலகக் கடிதங்களை வீட்டிலிருந்தே எழுதினாள். மோதிரம் போட்ட விரலால் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் உடனே வா என்று பொருள். தண்ணீர், தலையணை, ஜன்னல், தபால். தபாலை மட்டும் வேறு யாரும் பிரிக்கக் கூடாது. உறையின் ஓரத்தைக் கிழித்து, வாயருகே கொண்டுபோய் 'ப்பூ' என்று ஊதி, உறை வாய் பிளந்த பிறகுதான் உள்ளே விரல் விடுவார். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் எழுந்து போனாள். ஒரே ஒரு மத்தியானத்தைத் தவிர. அன்று கையிலிருந்த கடிதத்தின் கடைசி வரியில் இருந்தாள். முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள். முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தாள். தட்டு நின்றது. அத்தோடு அவர் மூச்சும்.

இரண்டாம் வாரம் அதைச் சொன்னாள். ஆலோசகர் அதிர்ச்சி காட்டவில்லை.

"வரமாட்டேன்னு சொல்ல ஆரம்பிச்ச உடம்பு, பாதியிலயே நிக்குது. அதை முடிச்சு வைப்போம். எழுந்து அந்தச் சுவத்துல ரெண்டு கையும் வச்சுத் தள்ளுங்க. அவசரம் வேண்டாம்."

தள்ளினாள். சுண்ணாம்பின் சொரசொரப்பும், பழைய காரையின் மணமும், அதற்கு அடியிலிருந்து மெதுவாக, மூடி சரியாகத் திருகப்படாத அப்பாவின் தைலப் புட்டியின் நெடியும் வந்தன. உள்ளங்கைகள் பதிந்த இடம் முதலில் குளிர்ந்திருந்து, பிறகு தன் கைச்சூட்டினால்தான் என்று அவள் நினைத்துக்கொள்ளும் அளவுக்கு வெதுவெதுப்பாகி, அதற்கு மேலும் சூடாகிக்கொண்டே போயிற்று. அப்போது முதல்முறையாக அவள் காதுக்கும் கேட்டது. டொக். டொக்.

அப்பாவின் மோதிரம் அவளுடைய மேசை இழுப்பறையில் இருந்தது. திறந்து பார்த்தாள். இருந்தது.

"சுவத்தைத் தள்ளுறதுக்கு எதுக்குக்கா படிச்ச ஆளு? என்கிட்ட சொல்லியிருந்தா நானே ஒரு கை பிடிச்சிருப்பேன்ல?" என்று சிரித்த தம்பியிடம் சாவியைக் கொடுத்து அப்பாவின் அறையைப் பார்த்துவரச் சொன்னாள். போனவன் சீக்கிரமே திரும்பிப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல. தூசிதான்."

"சுவரு?"

அவன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான். போகும்வரை வேறு கேலி பேசவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போதுதான், "இன்னிக்கே என்கூட வந்துடேன்க்கா" என்றான்.

"நாலு வாரம்னு சொன்னேன்ல."

மூன்றாம் வாரம் அவன் வரவில்லை. இருந்தவர்கள் இரண்டு பேர் என்று எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் வைத்தாள். மணி நான்கு. ஜன்னல் நிழல் வழக்கமான இடத்தில் விழுந்திருந்தது. ஆனால் ஏணியின் நடுவே இரண்டு படிகள் வளைந்திருந்தன. சுவர் அந்த இடத்தில் லேசாகப் புடைத்திருந்தது.

எழுந்து போய் அந்தப் புடைப்பின்மேல் கைகளை வைத்தாள்.

தள்ளினாள்.

சுவர் தள்ளியது.

இரண்டு உள்ளங்கைகள். அவள் கையைவிடப் பெரியவை. காரைக்கு அந்தப் பக்கம், விரலுக்கு விரல் பொருந்தி.

"கையை எடுங்க," திரையில் ஆலோசகரின் குரல் நடுங்கியது. "உங்க கால் பின்னால வழுக்குது, நான் பாக்குறேன். வெளிய போங்க. தம்பிக்குப் போன் போடுங்க, ப்ளீஸ்."

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு மேடம்."

குதிகாலை ஊன்றினாள். தைல நெடி. காரை உதிர்ந்தது. மூச்சு அடிவயிறுவரை போனது. பதினோரு மாதத்தில் முதல் முறை.

"வரமாட்டேன்," என்றாள். "தட்டு. நல்லாத் தட்டு. வரமாட்டேன்."

சுவர் அடங்கியது. சூடு போனது. தோள்கள், இரண்டும், இறங்கின.

அமைதி.

பிறகு, டொக். டொக்.

சுவரில் இல்லை. கூடத்தில். பூட்டிய அறையின் கதவில், உள்ளிருந்து. நிற்கிற மனிதனின் மார்பு உயரத்தில். நான்கு வருடம் எழுந்து நிற்காதவர் அவர்.

அவள் திரையைப் பார்த்தாள். ஆலோசகர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மூலையிலிருந்த தன் சின்ன உருவத்தைப் பார்த்தாள். தோள்கள் அசையவில்லை. அதை நோட்டில் குறித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மார்ஜின் விட்டு, எழுதினாள்.

*அனுப்புநர்: மகள், நடு அறை. பெறுநர்: அப்பா, பக்கத்து அறை.*

*ஐயா,*

*தாங்கள் தட்டியது கேட்டது. அன்றும் கேட்டது. வர இயலாது. இனி இதுகுறித்துத் தட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.*

*இப்படிக்கு,*

கையெழுத்திட்டாள். மூன்றாக மடித்து உறையிலிட்டாள். பசை தடவி, நகத்தால் ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். வெறுங்காலோடு கூடத்துக்குப் போய், கதவின் முன் குந்தி, அடியிலிருந்த இடுக்கில் உறையைச் செருகினாள்.

பாதி போனது. மீதியை உள்ளிருந்து இழுத்துக்கொண்டார்கள். மெதுவாக. கசங்காமல்.

அவள் எழுந்து நின்றாள். கால்விரல்கள் இடுக்கை ஒட்டி இருந்தன.

உள்ளே, உறையின் ஓரம் கிழிந்தது.

பிறகு, கதவுக்கு அடியிலிருந்து, ப்பூ என்று, தைல நெடியோடு, அவள் கால்விரல்களின்மேல் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வந்து பட்டது.

அவள் கால்களை நகர்த்தவில்லை.