பத்துக்கு ரெண்டு

முதலில் ஓர் உறுமல் கேட்டது. பிறகு இடி. பிறகு மறுபடியும் உறுமல்...

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், ரஹீமுன்னிசாவின் ரிப்பேர் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் திரும்பிப் பார்த்தார்கள். மீன்கூடை வைத்திருந்த அம்மாள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னாடி ரஹீமா, உள்ள யாருனா மூச்சடைச்சிக் கெடக்குறாங்களா?"

"மூச்சடைப்பு இல்லக்கா, பாட்டாம்," என்றாள் ரஹீமுன்னிசா, பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைக்காமலே. "இந்தப் பொண்ணு குடுத்த சிடி பிளேயரு சரியாயிடுச்சான்னு பெரிய ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தேன். பிளேயரு நல்லாத்தான் கீது. பாட்டுதான் ரிப்பேரு."

இந்தப் பொண்ணுக்குக் காது மடல் சிவந்தது. பெயர் தேவகிருபை, எல்லோருக்கும் கிருபா. எண்ணூர் சாலையில் கயிறும் பக்கெட்டும் மொத்தமாக விற்கும் தாமஸ் அண்ணாச்சியின் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கீபோர்டு வாசிப்பவள். அவள் கையில் இருந்ததோ பிளாஸ்டிக் உறை போட்ட பாட்டுப் புத்தகம்... ஸ்பீக்கரில் இருந்ததோ இது.

"யாருதுங்க இந்த சிடி?"

குரல் வந்த பக்கம் திரும்பினாள். தொப்பலாக நனைந்த ஓர் இளைஞன். கழுத்தில் கன்டெய்னர் யார்டின் அடையாள அட்டை. இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றிருந்தது... அந்தத் துளிக்குப் பின்னால் இருந்த கண்கள் மட்டும் நனையாமல், ஏதோ தொலைந்தது கிடைத்துவிட்டதைப் போல அவளையே பார்த்தன.

"என்னோடதுதான். ஏன்?"

"கோயில் புஸ்தகத்தக் கட்டிப் புடிச்சிக்கினு இதக் கேக்குறீங்களா?"

"ஆசைப்பட்டு கேக்கல. மார்க் போடணும்."

சென்னையில் வெளியாகும் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகைக்கு அவள் ஒரு வருஷமாக சிடி விமர்சனம் எழுதுகிறாள். வயலின், கூட்டுப்பாட்டு என்று சாதுவாக வந்துகொண்டிருந்தது. ராக் எழுதுகிறவர் துபாய்க்குப் போய்விட, இந்த மாதம் தபாலில் டெத்கோர் என்னும் உறுமல் ராக் வந்து விழுந்தது. அட்டையில் குழுவின் பெயர், முள்வேலியைக் கொளுத்திப் போட்டாற்போல... அவளால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. வாசித்தவர்கள் பெயரும் இல்லை. சொந்தச் சரக்கு, வாசிப்பு, ஒலிப்பதிவு, மூன்றுக்கும் பத்துப் பத்து மார்க். மொத்தம் இருபது தொட்டால், ஜனவரியில் பத்திரிகை பெங்களூரில் நடத்தும் விழா மேடையில் அந்தக் குழுவுக்கு இடம்.

"போட்டாச்சா?" என்றான் அவன்.

"பென்சில்ல. சனிக்கிழமை அனுப்பணும்."

"எத்தினி?"

முன்பின் தெரியாதவனிடம் எதற்குச் சொல்கிறோம்... என்று நினைப்பதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் இதைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்?

"ஒலிப்பதிவுக்கு ஆறு. இவ்வளவு கூச்சல்லயும் பேஸ் கிடார் தனியா அடிவயித்துல வந்து நிக்குது. குரலைத்தான் ரொம்ப முன்னால வச்சுட்டாங்க. வாசிப்புக்கு நாலு. கிடார்காரர் கெட்டிக்காரர். ஆனா மூணாவது பாட்டுல டிரம்ஸ் மனுஷன் அடிச்சதே இல்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் கைக்குட்டை பாதியில் நின்றது.

"எப்டி சொல்றீங்கோ?"

"பெரிய டிரம்மை மிதிச்சுத்தானே அடிக்கணும், மனுஷன் கால் களைச்சுப் போகும்ல... மொத அடிக்கும் கடைசி அடிக்கும் கொஞ்சமாவது மாறும். இது தையல் மிஷின் மாதிரி ஓடுது. கம்ப்யூட்டர் வேலை. அந்த ஒரு பாட்டுல மட்டும்."

"தையல் மிஷினு..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். "சரி. சொந்தச் சரக்குக்கு?"

"ரெண்டு."

"பத்துக்கு ரெண்டா?"

"கடைசிப் பாட்டுல எல்லா வாத்தியமும் ஒண்ணா இறங்கி விட்டு விட்டு அடிக்கிற இடம் வருது. டும்... டுடும்... அப்புறம் ஒரு நீளமான மௌனம்... டுடுடும். அதை நான் எங்கயோ கேட்டிருக்கேன். சத்தியமா. ஏதோ வெளிநாட்டு சிடியிலேருந்து தூக்கியிருக்காங்க."

"எந்த சிடி?"

"அதான் தேடிட்டிருக்கேன்."

அவன் சிரித்தான். அவளைப் பார்த்து அல்ல, மழையைப் பார்த்து. "நல்லா தேடுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கொட்டும் மழையில் இறங்கி நடந்தான்.

"குடை இல்லாம போவுது பாரு பைத்தியம்," என்றாள் ரஹீமுன்னிசா. வேறொன்றும் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

மறுநாள் மாலை பிளேயரை வாங்க கிருபா போனபோது அவன் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். பெயர் தீனாவாம். வியாசர்பாடியாம். மடியில் பாலிதீன் பையில் கட்டுக் கட்டாக வெளிநாட்டு சிடிகள்.

"திருட்ட நீங்க ஒண்டியா தேடினா எப்போ முடியறது? நானும் கூடத் தேடறேன்."

"உங்களுக்கு என்ன அக்கறை?"

"தெரிஞ்சிக்கலாம்னுதான்."

அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. இத்தனை உறுமியும் தொண்டை ஏன் கிழிவதில்லை? தொண்டையில் இல்லை, வயிற்றிலிருந்து காற்றைத் தள்ள வேண்டும் என்று அவன் செய்து காட்ட, ரஹீமுன்னிசா ஸ்க்ரூடிரைவரை ஓங்கினாள். "கடைய மூட வச்சிடாத நைனா. வர்ற கஸ்டமரு ஓடிடுவாங்க."

ஒரே இயர்போன். அவளுக்கு ஒரு காது, அவனுக்கு ஒரு காது... நடுவில் ஒரு முழம்கூட இல்லாத ஒயர். அவள் தலையை அசைத்தால் அவன் தலையும் அசைய வேண்டியிருந்தது.

"இதுவா?"

"இல்ல."

"இதுவா பாரு."

"ம்ஹூம்... இதுல மௌனம் சின்னது."

எப்போது 'பாருங்கோ', 'பாரு' ஆனது? கிருபா கவனித்தாள். கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை. காதுக்குள் யாரோ நரகத்தையே கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ பக்கத்தில் இருந்தவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அடுத்தடுத்த மாலைகளில் ஒவ்வொரு சிடி முடியும்போதும், அந்தத் திருட்டு கிடைக்காமலே போனால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்தது...

வியாழக்கிழமை அவன் வரத் தாமதமானது.

"உன் ஆளு இன்னும் வரல?" என்றாள் ரஹீமுன்னிசா.

"யாரு என் ஆளு?"

"அய்ய... மொத நாளே டிரம்ஸ்காரன் மூஞ்சிக்கு நேரா உன் டிரம்ஸ் தையல் மிஷினுன்னு சொன்ன தைரியசாலி, இப்போ வெக்கப்படுற."

இயர்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த கிருபாவின் கை அப்படியே நின்றது. "டிரம்ஸ்காரனா..."

"அல்லா... உனக்குத் தெரியாதா? அவன் ஸ்பீக்கரெல்லாம் இங்கதான ரிப்பேருக்கு வருது. இந்நேரம் சொல்லியிருப்பான்னு நெனச்சேனே..."

அவன் வந்து சேர்ந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"மார்க்குக்காகவா?"

தீனா ரஹீமுன்னிசாவைப் பார்த்தான். புரிந்துபோயிற்று. "மொத நாளு... ஆமா. என் பாட்ட என் தோஸ்துங்களத் தாண்டி ஒரு ஆளு கேட்டு நான் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம்..."

"மூணாவது பாட்டு நீங்க அடிச்சதா?"

திரும்பவும் 'நீங்க'. அது அவனைச் சுட்டிருக்க வேண்டும். தாடை இறுகியது.

"நான்தான் அடிச்சேன்."

"பொய்."

"இன்னா பொய்யி? கோயில்ல குந்திக்கினு பொட்டி தட்டுற... என் காலப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

பாட்டுப் புத்தகத்தையும் அந்த சிடியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். குடையை மறந்து வைத்துவிட்டோம் என்பது வீடு வந்த பிறகுதான் தெரிந்தது... நல்லதாய்ப் போயிற்று. கன்னத்தில் வழிந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. மழை விட்டபாடில்லை. அப்பாவின் கடையில் கரண்டும் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, பேட்டரியில் ஓடும் பிளேயரில் கடைசிப் பாட்டைப் போட்டாள் கிருபா. ரெண்டு மார்க்கைப் பேனாவில் எழுதி அனுப்பிவிட வேண்டியதுதான். திருடன். திருட்டுத் தாளம், திருட்டுக் கண்...

டும்... டுடும்...

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அப்பா நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். கண் பேப்பரில்தான் இருந்தது. இடது கை மட்டும் தானாக உயர்ந்து, ஆள் உயரத்துக்கு அடுக்கிய பிளாஸ்டிக் பக்கெட்டுகளைப் பிடித்துக்கொண்டது.

டுடுடும்.

பக்கெட் அடுக்கு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அப்பா கையை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார்.

கிருபா இயர்போனைக் கழற்றினாள். வாசலில், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற டிரெய்லர் லாரிகள் நகர ஆரம்பித்திருந்தன. கடைக்கு நேர் எதிரே சாலை உடைந்த பள்ளம். முன் சக்கரம் இறங்கியது... டும். அடுத்த இரண்டு சக்கரம்... டுடும். பிறகு அந்த நீள வண்டியின் வெற்று வயிறு முழுவதும் மெல்லக் கடக்கும் மௌனம்... அப்பாவின் கை உயர்ந்தது... கடைசிச் சக்கரங்களோடு காலிக் கன்டெய்னர் அதிர்ந்தது. டுடுடும்.

பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். வீட்டுப்பாடம் எழுதும்போது, காய்ச்சலில் கிடக்கும்போது, அம்மா தலை பின்னிவிடும்போது... எங்கேயோ கேட்டது என்றாளே, இங்கேதான் கேட்டாள். யார்டுக்குப் போகிற வழியில் அவனும் இதைத்தான் கேட்டிருக்கிறான். உலகத்தில் வேறு எந்த சிடியிலும் இது இருக்கப்போவதில்லை. தன் தெருவே எதிரில் வந்து நின்றபோது, அடையாளம் தெரியாமல் திருடன் என்றுவிட்டாள்.

"அண்ணாச்சி... ஒரு பக்கெட்டு."

வாசலில் தீனா. நனைந்து நடுங்கிக்கொண்டு, கையில் அவளுடைய குடையை மடித்தபடியே வைத்துக்கொண்டு.

"என்ன கலர் தம்பி?" என்றார் அப்பா பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

"எதுனா..."

"ஏட்டி கிருபா, தம்பிக்கு எடுத்துக் குடு."

அடுக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மூணாவது பாட்டுல கீறது என் காலு இல்ல. அந்த ஸ்பீடு எனுக்கு வரல. எத்தினியோ தபா ட்ரை பண்ணேன். கடைசில ஸ்டூடியோக்காரரு கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துட்டாரு. எங்க பசங்களுக்கே இன்னும் தெரியாது. ஒரு தபா கேட்டுட்டே நீ கண்டுபுடிச்சிட்ட... அந்தக் கோவத்துலதான் வாய வுட்டேன். தப்பு." மூச்சு வாங்கினான். "வாசிப்புக்கு இன்னா குடுக்கணுமோ குடு. பெங்களூரு போவலனா போவட்டும்."

"நாலுதான். உண்மையைச் சொன்னதுக்கெல்லாம் கூட்ட மாட்டேன்."

"கேக்கல."

"சொந்தச் சரக்குக்கு ரெண்டு போட்டிருந்தேன்ல..."

"ம்."

"அழிச்சுட்டேன். நான்தான் தப்பு. எங்க வாசல்லயே கேட்டிருக்கேன், தீனா. தினமும்."

அவன் நிமிர்ந்தான். முதல் நாள் பார்த்த அதே கண்கள்... இப்போது நனைந்திருந்தன.

வெளியே அடுத்த லாரி இறங்கியது. டும்... டுடும்...

அந்த மௌனத்தில் மூன்று கைகள் உயர்ந்தன. அப்பாவின் கை வழக்கமான இடத்துக்குப் போயிற்று. கிருபாவின் கை அடுக்கின் நடுவுக்குப் போயிற்று. தீனாவின் கை, அதே கணக்கில், ஒரு நூல் பிசகாமல், அவள் கை மேலேயே வந்து விழுந்தது.

டுடுடும்.

"ஒன்பது," என்றாள் கிருபா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவன் உதடு அசைந்தது. "ஆறு... நாலு... ஒம்போது... இருபதுக்கு ஒண்ணு கொறையுதே."

"குறையுது."

"போட மாட்ட?"

"மாட்டேன். மூணாவது பாட்டை உன் கால்ல அடிச்சுக் காட்டு. களைச்சுப் போனாலும் பரவால்ல, தாளம் தப்பினாலும் பரவால்ல... அடுத்த சிடிக்குப் போடறேன். அதுக்கு எத்தனை நாள் ஆனாலும் வந்து உக்காந்து கேப்பேன்."

"எத்தினி நாளானாலுமா... எதுக்கு?"

கிருபா பக்கெட்டைப் பார்த்தாள். அவன் கை இன்னும் அங்கேயே இருந்தது. அவள் தன் கையை உருவிக்கொள்ளவில்லை.

"பிடிச்சிருக்கு."

"பாட்டா?"

"பாட்டு இன்னும் பிடிக்கல."

தீனாவுக்கு அது புரிய ஒரு லாரி நேரம் ஆயிற்று. புரிந்ததும் காதுவரை சிவந்து, சொல்லவந்த வார்த்தை கிடைக்காமல், அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான்...

தாமஸ் அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்தார். மகளைப் பார்த்தார். நனைந்து நின்ற பையனைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நிதானமாக வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தம்பி... பக்கெட்டை விட்டுரலாம். லாரி போயி ரொம்ப நேரமாச்சு."