புது டிஸ்க்கில் ஒரு குரல்

புது டிஸ்க்கில் ஒரு கோப்பு இருந்தது. இருக்கக் கூடாது.

ஜஹனாரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அன்று காலைதான் அந்த டிஸ்க்கைக் கணினிக்குள் பொருத்தி, முழு இடத்தையும் ஒரே பகுதியாக்கி ஒரு பார்ட்டிஷன் போட்டு, சுத்தமாக ஃபார்மேட் செய்திருந்தாள். ஒலிப்புத்தகங்களைத் தொகுத்துக் கொடுப்பது அவள் வேலை. பழைய டிஸ்க்கில் இடம் போதவில்லை. தினமும் அதைக் கையால் இணைத்து மவுண்ட் செய்துகொண்டிருக்க முடியாது என்று, கணினி எழும்போதே இந்தப் பகுதியும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்படி அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள். அணைத்து மறுபடி போட்டாள். ‘குரல்’ என்று அவள் பெயர் வைத்திருந்த ஃபோல்டர் சொன்னபடி வந்து நின்றது. உள்ளே, பெயரில்லாத ஓர் ஒலிக்கோப்பு.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

முதலில் மின்விசிறி. கோபாலபுரத்தில் அவர்கள் குடியிருந்த இந்த மாடி வீட்டு மின்விசிறிக்கென்று ஒரு முனகல் உண்டு, அதே முனகல். அதற்கு அப்பால் எதிர்ச்சாரிப் பள்ளிக்கூடத்தின் இடைவேளை இரைச்சல், ஜன்னல் தகரத்தில் மழை சொட்டும் ஓசை, தட்டில் கரண்டி உரசும் சத்தம். பிறகு அவள் கணவன் உபைதின் சிரிப்பு, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரிக்கிற, வெளியாட்கள் யாரும் கேட்டிராத சிரிப்பு. அதற்கு ஒரு பெண் ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை. ஆனால் பெண்தான்.

கோப்பின் தேதி நேற்று மதியம். டிஸ்க் அப்போது உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அவளோ திருவான்மியூரில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தாள். எப்படிப் பதிவானது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். ஆனால் யார் அந்தப் பெண் என்பதுதான் நெஞ்சில் குத்தியது.

அன்று அவள் எதுவும் கேட்கவில்லை. உபைத் தி.நகரில் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கூட்டம் இல்லாத நாட்களில் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துபோவான். அவன் குளிக்கப் போனபோது சட்டையை எடுத்து முகர்ந்தாள். வியர்வையும் கண்ணாடி துடைக்கும் திரவமும்தான். சீப்பில் சிக்கியிருந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய நீளம்தான். கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் மட்டும் எப்போதும் ஒன்று கூடுதலாக இருப்பதுபோல் தோன்றியது.

மறுநாள் கணினி எழுந்தபோது இன்னொரு கோப்பு. பெண்ணின் குரல் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. ஜஹனாரா மேசையிலிருந்த மைக்கைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பாக்கி வேலைக்காகத் திருவான்மியூர் போனாள். அடுத்த நாள் மூன்றாவது கோப்பு வந்தது. அதைத் திறக்காமலே சாயந்திரம்வரை காத்திருந்தாள்.

உபைத் தேநீரோடு உட்கார்ந்ததும் கேட்டாள்.

“நேத்து மதியம் வீட்டுக்கு வந்தீங்களா?”

“வந்தேனே.”

“கூட யாரு இருந்தா?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “என்ன, விளையாடுறியா?”

“கேக்குறேன்ல.”

“நீதான் இருந்த. மீன் வறுத்து வச்சிருந்த. சாப்பிட்டுட்டு கொஞ்ச நேரம் பேசிட்டுக் கடைக்குப் போனேன்.”

“நான் திருவான்மியூர்ல இருந்தேன்.”

“அப்ப எனக்குச் சோறு போட்டது யாரு, ஜஹான்?”

பொய் சொல்லும்போது அவன் காதுமடலைத் தடவுவான். இப்போது தடவவில்லை. அவன் முகத்தில் இருந்தது அலுப்பு மட்டும்தான்.

“இப்பல்லாம் மதியம் நல்லா சிரிச்சுப் பேசுற,” என்றான். “பொழுது சாஞ்சாதான் உனக்கு என்னமோ ஆயிடுது.”

அவன் எழுந்து போனபின் மூன்றாவது கோப்பைத் திறந்தாள். குரல் இப்போது பளிச்சென்று கேட்டது. வார்த்தைக்கு முன்னால் நாக்கை மெல்லத் தட்டும் பழக்கம். வாக்கியத்தைக் கடைசியில் இழுக்கும் பழக்கம். ஆயிரம் குரல்களை வெட்டி ஒட்டியவளுக்கு அது யாருடையது என்று தெரிந்தது. உபைத் விடைபெற்றான். கதவு சாத்தப்பட்டது. பிறகு காலடிகள். அறையைக் கடந்து மேசைவரை வந்தன. மைக் இல்லாத அந்த மேசையில், மைக்கை ஒட்டி விட்டதுபோல் ஒரு மூச்சு.

“கேட்டுட்டியா?” என்றது ஜஹனாராவின் சொந்தக் குரல்.

அமைப்புக் கோப்பில் எழுதிய வரியை அழித்தாள். டிஸ்க்கைக் கழற்றினாள். மறுநாள் மழையோடு மழையாக அசோக் நகரில் அதை வாங்கிய கடைக்கே போனாள். விக்கி என்ற பையன்தான் அங்கே பழுது பார்ப்பவன். டிஸ்க்கைத் தன் கணினியில் செருகிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“இன்னாக்கா, பாக்கெட்ல வந்த மாதிரியே கீது. பார்ட்டிஷனே போடலயே நீங்க.”

“போட்டேன். ஃபார்மேட் பண்ணேன். தினமும் இதுல இருந்துதான் கேட்டேன்.”

“இதுலயா? சான்ஸே இல்லக்கா. ஒரு எழுத்துகூட இதுல ஏறல.” குரலைத் தணித்தான். “வேற எதையோ ஓப்பன் பண்ணிக்கினு இருந்திருக்கீங்க.”

அவள் டிஸ்க்கைத் திரும்ப வாங்கவில்லை. ஆட்டோ பிடித்தாள். தெருமுனையிலேயே இறங்கி நடந்தாள். படியேறும்போது மீன் வறுபடும் வாசனை வந்தது. உள்ளே கணினி எழும் மெல்லிய மணிச் சத்தம்.

வாசலில் உபைதின் செருப்பு. பக்கத்தில் இன்னொரு ஜோடி. பெண் செருப்பு. இடது வார் அறுந்து தைத்தது. குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

அதே செருப்பு. அதே தையல்.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

உபைத் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே ஒருத்தி. முதுகு தெரிந்தது. முக்காடு தோளில் சரிந்து கிடந்தது.

“என்னங்க.”

அவன் நிமிரவில்லை.

“என்னங்க!”

எதிரே இருந்தவள்தான் திரும்பினாள். ஜஹனாராவின் முகம். நிம்மதியான முகம். வாசலை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

“கதவு திறந்துக்கிச்சு பாருங்க. சாரல் அடிக்குது.”

உபைத் எழுந்து வந்தான். ஒரு சாண் தூரத்தில் நின்றான். அவன் மூச்சில் மசாலா மணம். கண்கள் அவளைத் தாண்டிப் படிக்கட்டைத் துழாவின. மழையைப் பார்த்தன.

“யாரும் இல்ல,” என்றான்.

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். விரல் முட்டிகள் மரத்தில் பட்டன. வலித்தது.

சத்தம் மட்டும் வரவில்லை.